கால் கிலோ

இராமநாதபுரம் லேபில்
தாளை இரண்டாய் மடித்து நீட்டினாள் அந்தப் பெண்.
வெறும் வயிற்றில் நூற்று அறுபத்தெட்டு.
சாப்பிட்டபின் இருநூற்று எழுபது.
"வீட்டுல யாருக்காச்சும் சுகர் இருக்காக்கா?"
இருக்கு என்றேன்.
எனக்குத்தான். இருபத்து மூன்று வருஷமாய்.

புரியாமல் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

அந்த வருஷம் எங்கள் வீட்டுப் பின்கட்டில்
கற்களைக் கூட்டி அடுப்பு வைத்து
செப்புக் கிடாரம் ஏற்றினார்கள்.
நூறு தேங்காய்க்கு மேல் உரித்த மட்டை
கிணற்றடியை மறைத்துக் கிடந்தது.
வள்ளத்துத் துடுப்பைத் தேய்த்துக் கழுவி
மஸ்தானும் அவர் மச்சானும் முறைபோட்டுக் கிண்டினார்கள்,
அசருக்குத் தொடங்கி நடுச்சாமம் வரை.
எண்ணெய் பிரிந்து விளிம்பில் மினுங்கியதும்
வாழையிலைக் கிழிசலில் ஒரு துண்டு வைத்து
வாப்பா முதலில் என்னிடம்தான் நீட்டினார்,
கல்யாணப் பெண் என்று.

மறுநாள் லுஹருக்குக் கொழும்பிலிருந்து போன்.
வாப்பா சரி என்றார்.
வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு
மறுபடியும் சரி என்றார்.

பந்தல் அரை நாளில் பிரிந்துவிடும்.
நாற்காலிகள் வந்த வண்டியிலேயே போய்விடும்.
பதினொரு டின் தொதலை என்ன செய்ய?
அல்லாஹ் தந்த ரிஸ்கை வீசக் கூடாது என்றார் உம்மா.
தின்றோம்.
காலைத் தேத்தண்ணியோடு,
இடியாப்பத்துக்குத் தொட்டுக்கொண்டு,
தூக்கம் வராத ராத்திரியில் ஆளாளுக்குத் தனியாக.
தெருவில் வீடு வீடாய்க் கொடுத்தனுப்பினோம்.
வெறுந்தட்டைத் திருப்பக் கூடாதே என்று
நாலு முட்டை வைத்து
அதன்மேல் ஒரு பாவமும் வைத்து அனுப்பினார்கள்.
தம்பி ஃபஸ்லான் தூண்டில் முள்ளில் கோத்துப் பார்த்தான்.
மீன்கூடத் தொடலை என்று வந்து சொல்லி
முதுகில் வாங்கினான்.
நாற்பதாவது நாள்
கடைசி டின்னில் ஓரமாய் வெள்ளை பூத்தது.
உம்மா மெதுவாக
அல்ஹம்துலில்லாஹ் என்றது எனக்குக் கேட்டது.

பிறகு எந்த வீட்டில் யார் தொதல் நீட்டினாலும்
எனக்குச் சீனி வியாதி என்றேன்.
இருபத்திரண்டு வயசிலா?
சிலருக்குச் சின்னதிலேயே வருமாம்.
ஊர் கொஞ்சம் கொஞ்சமாய் நம்பியது.
எல்லோருக்கும் பாயசம் வரும்போது
எனக்கு மட்டும் ஒரு வடை வந்தது.
பெண் கேட்டு வந்தவர்களிடமும் யாரோ சொல்லிவிட்டார்களாம்.
நான் இல்லை என்று சொல்லவில்லை.
கல்லூரி விடுதியில் கணக்கு எழுதப் போனேன்.

இன்று
திருப்புல்லாணி தாண்டி உப்புக் காற்று முகத்தில் அறைந்தபோது
பஸ்ஸிலேயே சிரித்துவிட்டேன் போல.
பக்கத்து சீட்டுக்காரி பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

கடைப் பையன் கத்தி நுனியில் ஒரு துண்டு எடுத்து
"ருசி பாருங்க, நேத்துக் கிண்டுனது" என்றான்.
வேண்டாம், கால் கிலோ கட்டு.
"வீட்டுக்கா?"
ஆமாம், வீட்டுக்கு.

பாலத்து முனையில் உட்கார்ந்து பிரித்தேன்.
அலையில்லாத கடல்.
அப்பா தீவு பென்சில் கோடு மாதிரி.
அழுகை வரும் என்று
முந்தானையைக்கூடக் கையில் பிடித்திருந்தேன்.
வரவில்லை.
தொதல் பல்லில் ஒட்டியது, அவ்வளவுதான்.
கருப்பட்டி. தேங்காய்ப்பால். லேசாய் அடிப்பிடித்த வாசம்.
ஏலம் கூட.
முந்திரி ரொம்பக் கம்மி.
எங்கள் வீட்டில் கடிக்குக் கடி முந்திரி கிடந்தது.
எங்கள் தொதல் நல்ல தொதல்.
அந்த நாற்பது நாளில்
ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை.

தம்மாமுக்குப் போன் போட்டேன்.
"ஃபஸ்லான், நம்ம தொதலுக்கு முந்திரி எத்தனை கிலோ?"
"எந்தத் தொதல்?" என்றான்.
அப்புறம் பேச்சில்லை.
அவன் பக்கம் ஏதோ லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
"ஆறு" என்றான்.

வைக்கப் போனேன்.

"லாத்தா,
மீன் தின்னுச்சு.
அன்னிக்கு ரெண்டு ஓரா பிடிச்சேன்."